வெள்ளீயமும் காரீயமும்

ஈயம் என்னும் ஒரே பெயருக்குள் தமிழர் இரண்டு உலோகங்களைக் குடிவைத்தனர். வெண்மை மிகுந்ததை வெள்ளீயம் என்றும், கருமை சார்ந்ததைக் காரீயம் என்றும் அடைமொழி தந்து பிரித்தனர். அரபு நூல்களைப் பயின்றோர்க்கு இது புதுமையன்று. அங்கும் 'ரஸாஸ்' என்ற ஒரே சொல். அதற்குள் வெள்ளை ரஸாஸ், கறுப்பு ரஸாஸ் என இரு பிரிவுகள். பிற்காலத்தில்தான் ரஸாஸ் என்பது காரீயத்துக்கே உரியதாகி, வெள்ளீயம் 'கஸ்தீர்' எனத் தனிப்பெயர் பெற்றது. பழைய உரோமரும் 'பிளம்பம்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வெள்ளை, கறுப்பு என்றே வேறுபடுத்தினர். மூன்று மொழிகளும் ஒரே முடிவுக்கு வந்ததன் காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. கண் கண்டது, நாவு பெயரிட்டது. இரண்டும் மென்மையானவை, இரண்டும் எளிதில் உருகுபவை, புதிதாக வார்த்த போது இரண்டும் பளபளப்பவை.

ஆனால், ஒன்று நம் உணவுக்குக் காவல். மற்றொன்று நம் குழந்தைகளுக்கு நஞ்சு. பெயர் சேர்த்து வைத்த இவ்விரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள். பள்ளிப் பிள்ளைகள் வேதியியலின் முதற்பாடமாகப் படிக்கும் 'பருப்பொருளின் பண்புகள்' என்னும் பகுதி, தேர்வு எழுதியதும் மறந்துவிடத் தக்கதன்று. அது நம் அடுப்படிக்குரிய பாடம் என்பதை நாம் கண்கூடாகக் கண்டோம்.

கலாய் பூசுதல் என்ற வழக்கை அறியாத குடும்பம் நம்மிடையே இராது. செம்பு, பித்தளைப் பாத்திரங்களின் உட்புறத்தில் வெள்ளீயத்தை உருக்கிப் பூசுவதே கலாய். இச்சொல் உருதுவின் வழியாக வந்தது. அதன் வேர் 'கல்ஈ' என்ற அரபுச் சொல். அரபுப் புவியியலார் கீழ்க்கடலில் வெள்ளீயம் விளையும் துறைமுகம் ஒன்றைக் 'கலா' எனக் குறித்தனர். அது மலாய்த் தீபகற்பத்தின் மேற்கரையில், இன்றைய கெடாவை ஒட்டி இருந்தது என்பது அறிஞர் பலர் கொள்ளும் கருத்து. அந்தக் கெடாவைத்தான் நம் முன்னோர் கடாரம் என்றனர்; 1025 ஆம் ஆண்டில் இராசேந்திர சோழன் கப்பற்படை செலுத்திய கடாரமும் அதுவே. ஆக, நம் வீட்டுப் பாத்திரத்தின் உட்புறத்தில் மின்னும் அந்த வெண்பூச்சு, தன் பெயரிலேயே ஒரு நெடுங்கடற் பயணத்தைச் சுமந்து நிற்கிறது.

செம்புப் பாத்திரத்தில் ஏன் சமைக்க வேண்டும், சமைத்தபின் ஏன் அஞ்ச வேண்டும் என்ற இரண்டு வினாக்களுக்கும் செம்பின் பண்புகளே விடை. வெப்பத்தைக் கடத்துவதில் செம்பு, துருப்பிடியா எஃகைப் போல் இருபது மடங்கிற்கும் மேல் வல்லது. அடியில் இட்ட நெருப்பின் சூடு ஓரிடத்தில் தங்காமல் பாத்திரமெங்கும் பரவுவதால், தம் போட்ட சோறு அடிப்பிடிக்காமல் ஒரே பதமாக வேகும். நம் பண்டாரிகள் இன்றும் செம்புத் தேக்சாவை விட மறுப்பதன் காரணம் இதுதான். ஆனால் அதே செம்பு, தயிரும் தக்காளியும் எலுமிச்சையும் பட்டால் காற்றிலுள்ள உயிர்வாயுவின் துணையோடு சிறிது சிறிதாகக் கரையும். பச்சையாகப் படரும் களிம்பு அதன் அடையாளம். வாந்தியும் வயிற்றுவலியும் அதன் விளைவு. செம்பின் நன்மையை வைத்துக்கொண்டு தீமையைத் தடுக்க நம் முன்னோர் கண்ட உபாயமே கலாய்.

2023 ஆம் ஆண்டு, எங்கள் மஹல்லாவுக்குச் சொந்தமான நான்கு தேக்சாக்களுக்குக் கலாய் பூச வேண்டிய காலம் வந்தது. வலீமா, மீலாது, பெருநாள் விருந்து என ஊரே உண்ணும் சோறு அவற்றில்தான் வேகும். கலாய்க்காரர் இருவர் வந்து விலை சொன்னார்கள். ஒருவர் சொன்னதில் பாதிதான் மற்றவர் சொன்னது. அவர் எழுபதை நெருங்கிய முதியவர். பதினொரு வயதுப் பேரனைத் துருத்தி ஊத வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் செல்பவர். ஏழைக்கு உதவியது போலவும் ஆகும், பொதுப்பணம் மிஞ்சியது போலவும் ஆகும் என்று கூடியிருந்தோர் மகிழ்ந்தனர். நமக்கு மட்டும் ஒரு வினா எழுந்தது. உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப் போல் பத்து மடங்கிற்கும் மேல். கூலியை எவ்வளவு குறைத்தாலும் உலோகத்தின் விலை குறையாதே. அவ்வாறிருக்கப் பாதி விலை எங்கிருந்து வந்தது?

அவ்வாரத்தில் நம் இளைய மகள் தன் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். இடத்தை அடைத்துக்கொள்வதும் நிறை உடையதும் எதுவோ அது பருப்பொருள். ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கே உரிய உருகுநிலை, கொதிநிலை, அடர்த்தி உண்டு என்று அவள் படித்தாள். நமக்கு மதரஸாவில் ஓதிய மன்திக் நினைவுக்கு வந்தது. ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் அஸீருத்தீன் அல்-அப்ஹரீ இயற்றிய 'ஈஸாகோஜி' என்ற சிறு கிதாபு அக்கலைக்கு முதற்படி. ஒன்றைப் பற்றிச் சொல்லப்படும் பொதுக் கருத்துகளை அது ஐந்தாக வகுக்கும். அவற்றுள் இரண்டு இங்கே வேண்டுவன. ஓர் இனத்துக்கு மட்டுமே உரிய பண்பு 'காஸ்ஸா'. பல இனங்களுக்கும் பொதுவாக வரும் பண்பு 'அரள் ஆம்'. சிரித்தல் மனிதனுக்கே உரியது, ஆகவே காஸ்ஸா. நடத்தல் மனிதனுக்கும் மாட்டுக்கும் பொது, ஆகவே அரள் ஆம்.

இப்பகுப்பை அந்த ஈயக் குச்சியின் மீது வைத்துப் பார்த்தோம். வெண்மையும் பளபளப்பும் மென்மையும் அரள் ஆம். அவற்றைக் கொண்டு வெள்ளீயம் எனத் துணிவது, நடக்கிறது என்பதால் மனிதன் எனத் துணிவதை ஒக்கும். வெள்ளீயத்தின் காஸ்ஸா யாவை? மகளின் பாடநூலில் அதற்கு விடை இருந்தது: உருகுநிலை, அடர்த்தி ஆகியவை.

முதலில் உருகுநிலை. வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகும். காரீயம் 327 பாகையில். செம்போ 1085 பாகையில். செம்பு உருகாமல் நிற்க, அதன் மேல் வெள்ளீயம் நீராய் ஓடிப் பரவ இயல்வது இவ்வேறுபாட்டினால்தான். ரசம் வைக்கும் ஈயச் சொம்பை நீரின்றி அடுப்பில் வைத்தால் அடி ஒழுகிவிடும் என்பதைப் பெண்மக்கள் அறிவர். உள்ளே நீர் இருக்கும் வரை சூடு 100 பாகையைத் தாண்டுவதில்லை. நீர் வற்றியதும் அது ஏறிக்கொண்டே போய் 232 ஐத் தொட்டுவிடுகிறது. நீரின் கொதிநிலையே அச்சொம்புக்குக் காவல்.

இங்கே ஒரு விந்தையும் உண்டு. இரண்டு ஈயங்களையும் கலந்தால் அக்கலவை எந்தச் சூட்டில் உருகும்? 232 க்கும் 327 க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணையே அறிவு எதிர்பார்க்கும். உண்மையோ, அக்கலவை 183 பாகையிலேயே இளகத் தொடங்குகிறது. இரண்டையும் விடக் குறைந்த சூடு! இதனை எந்த மன்திக்கும் இருந்த இடத்திலிருந்து சொல்லிவிட இயலாது. நெருப்பில் இட்டுப் பார்த்தவனுக்கே புலப்படும். 925 ஆம் ஆண்டில் மறைந்த அபூபக்ரு அர்-ராஸீ இவ்வழியைத்தான் பின்பற்றினார். அவர் கனிமப் பொருள்களை வகைப்படுத்தியபோது, நெருப்பில் இட்டதும் பறந்துவிடும் பாதரசம், கந்தகம், நவச்சாரம் முதலியவற்றை 'அர்வாஹ்', அதாவது உயிர்கள் என்றார். பறக்காமல் தங்கும் உலோகங்களை 'அஜ்ஸாத்', அதாவது உடல்கள் என்றார். நிறத்தையோ விலையையோ அவர் அளவுகோலாகக் கொள்ளவில்லை. நெருப்பின் முன் ஒரு பொருள் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதையே கொண்டார்.

கலாய்க்காரரின் கரியடுப்பில் இவ்விருவகையும் ஒருங்கே பணிபுரிகின்றன. சூடேறிய செம்பின் மேல் அவர் நவச்சாரப் பொடியைத் தூவுகிறார், வெண்புகை எழுகிறது. அப்பொடி சூட்டினால் அம்மோனியாவாகவும் ஐதரசன் குளோரைடாகவும் பிரிந்து, மேலே குளிர்ந்ததும் மறுபடி ஒன்றுசேர்வதால் தோன்றும் புகை அது. பிரிந்து நிற்கும் அச்சிறு பொழுதில், செம்பின் மேல் படிந்துள்ள கறுத்த ஆக்சைடை அந்த வாயு அரித்து நீக்கிவிடுகிறது. பச்சைச் செம்பு வெளிப்பட்ட அக்கணமே ஈயக் குச்சியைத் தொட்டுப் பஞ்சினால் துடைக்க, உருகிய ஈயம் செம்போடு மெல்லியதாய்க் கலந்து ஒட்டிக்கொள்கிறது. ஈயம் உருகியது இயற்பியல் மாற்றம்; பொருள் அதுவே, நிலை மட்டும் வேறு. ஆக்சைடு நீங்கியது வேதியியல் மாற்றம். அங்கே பொருளே வேறாகிவிட்டது. பாடநூல் இரண்டு பக்கங்களில் சொல்வதைக் கலாய்க்காரர் இரண்டு நிமிடங்களில் செய்துகாட்டிவிடுகிறார்.

அடுத்து அடர்த்தி. காரீய அணு, வெள்ளீய அணுவைப் போல் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு எடை உடையது. அடைத்துக்கொள்ளும் இடமோ சிறிதளவே கூடுதல். ஆதலின் அதே கனஅளவு நீரோடு ஒப்பிட்டால் வெள்ளீயம் 7.3 மடங்கும், காரீயம் 11.3 மடங்கும் கனக்கும். நீரில் மூழ்கிய பொருள் தன் கனஅளவுக்குச் சமமான நீரை விலக்கும் என்ற உண்மையைக் கிரேக்க நாட்டு ஆர்க்கிமிடீசு கண்டார். 973 இல் பிறந்த அல்-பிரூனீ, பக்கவாட்டில் குழாய் வைத்த கூம்பு வடிவக் கலம் ஒன்றை அமைத்து, வழிந்தோடும் நீரை நிறுத்து, உலோகங்களையும் மணிகளையும் அளந்தார். அவர் கண்ட அளவுகள் இன்றைய அளவுகளுக்கு மிக அண்மையில் நிற்கின்றன. 1121 இல் மெர்வ் நகரில் அல்-காஸினீ எழுதி முடித்த 'மீஸானுல் ஹிக்மா' என்னும் நூல், தூய உலோகத்தையும் கலப்பையும் உடைக்காமல், உருக்காமல், நீர்த்தராசினால் பிரித்தறியும் முறையை விரித்துரைக்கிறது. இப்பெயர்களை மேடையில் முழங்கிப் பெருமைப்படுவோர் நம்மிடையே பலர். ஒரு தம்ளர் நீரும் ஒரு தராசும் எடுத்து அவர்கள் செய்ததைச் செய்து பார்ப்போரோ சிலர். அச்சிலருள் ஒருவராக இருக்க விரும்பினோம்.

கலாய்க்காரர் இருவரிடமும் அவரவர் குச்சியில் ஒரு துண்டு கேட்டு வாங்கினோம். தெரிந்த நகைக்கடையில் மின்தராசின் மேல் நீர் நிறைந்த தம்ளரை வைத்து, எண்ணைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தோம். துண்டை நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் நீருக்குள் முழுவதும் தொங்கவிட்டால், தராசு காட்டும் எண்தான் விலக்கப்பட்ட நீரின் எடை. நூலை மகள் பிடித்தாள். எண்ணை நாம் எழுதினோம். முதல்வரின் துண்டு 219 கிராம்; விலக்கிய நீர் 30 கிராம்; வகுத்தால் 7.3. முதியவரின் துண்டு 222 கிராம், விலக்கிய நீர் 25 கிராம், வகுத்தால் 8.88. வெள்ளீயமும் காரீயமும் சரிபாதி எடையில் கலந்தால் வரவேண்டிய எண் 8.9. மும்முறை செய்தும் எண் மாறவில்லை.

மற்றொரு சோதனையும் செய்தோம். தூய வெள்ளீயக் குச்சியைக் காதருகே வைத்து வளைத்தால் நறநறவென்று ஓர் ஒலி கேட்கும்; அதனுள் இருக்கும் படிகங்கள் ஒன்றன்மேல் ஒன்று திரும்புவதால் எழும் ஒலி அது. முதல்வரின் குச்சி ஒலித்தது. முதியவரின் குச்சி ஊமையாய் வளைந்தது. வெள்ளைத் தாளில் தேய்த்தபோது சாம்பல் நிறக் கோடும் இட்டது.

காரீயம் உண்டவனை உடனே வீழ்த்துவதில்லை. அதுவே அதன் கொடுமை. புளிப்புப் பட்டுச் சிறிது சிறிதாக உணவில் கலக்கும். நிறமில்லை; மணமில்லை; சுவையிலும் கசப்பில்லை. உடலுக்குள் சென்றதும் சுண்ணாம்புச் சத்தின் இடத்தைப் பிடித்து எலும்பில் ஆண்டுக்கணக்கில் தங்கும். உட்கொண்ட காரீயத்தில் பெரியவர் உடல் ஏற்பதைப் போல் நான்கைந்து மடங்கு குழந்தை உடல் ஏற்கிறது. வளரும் மூளையையே அது தாக்குகிறது. தீங்கில்லாத அளவு இது என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் முடிவு.

இனிச் செய்ய வேண்டியது, எண்களைச் சரிபார்ப்பதினும் அரிதாயிருந்தது. முதியவரைத் தனியே அழைத்துச் செய்தியைச் சொன்னோம். அவர் முகம் சிவந்தது.

"நாப்பது வருசமா இந்தக் கையாலதான் பூசுறேன் அஜரத். நம்ம புள்ளைகளுக்கு நான் நஞ்சு வைப்பேனா?"

"உங்க கையை நாங்க சந்தேகிக்கல நானா. குச்சியைத்தான் சந்தேகிக்கிறோம்" என்றோம்.

நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு குச்சியின் வரலாற்றைச் சொன்னார். முன்பு வாங்கிவந்த கடை மூடிவிட்டது; இரண்டு ஆண்டுகளாகப் பழைய சாமான் வியாபாரி ஒருவரிடம் வாங்குகிறார். "இது சீக்கிரமா உருகுது, கரி மிச்சமாகுது. நல்ல சரக்குன்னு நினைச்சேன்" என்றார். விரைவாக உருகியதே கலப்புக்குச் சாட்சி. அவரோ அதனை நற்குணமாகக் கொண்டிருக்கிறார். அது குழாய்களைப் பற்றவைக்கும் பற்றாசுக்கென வார்க்கப்பட்ட குச்சி. விற்றவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். வாங்கியவருக்குச் சொன்னார் எவருமில்லை.

நூலையும் தம்ளரையும் வரவழைத்து அவர் கண்முன்னே மறுபடி நிறுத்தோம். நகைக்கடைக்காரரே வகுத்துச் சொன்னார். பின்பு முதல்வரின் துண்டை அவர் கையில் கொடுத்தோம். அவர் அதைக் காதருகே வைத்து வளைத்தார். "ஆமா, எங்க வாப்பா இப்படித்தான் வளைச்சுக் கேப்பாங்க. நான் மறந்தே போனேன்" என்றார். அல்-காஸினீ தராசினால் கண்டதை, பெயர் அறியப்படாத ஒரு கலாய்க்காரர் தம் செவியால் கண்டு மகனுக்குக் கொடுத்திருக்கிறார். காலத்தின் நெருக்கடியில் அது நழுவிப்போயிருக்கிறது.

அவர் அடுத்துச் செய்ததை நாம் எதிர்பார்க்கவில்லை. அந்த இரண்டாண்டுகளில் நம் ஊரில் தாம் கலாய் பூசிய வீடுகளை விரல் மடக்கி எண்ணினார். பதினொன்று வந்தது. "நானே போய்ச் சொல்றேன் அஜரத். பழசை உரிச்சிட்டுப் புதுசாப் பூசிக் குடுக்குறேன். கூலி வேணாம்" என்றார். தூய வெள்ளீயத்தை மஹல்லா வாங்கிக் கொடுப்பதென்றும், கூலியை அவர் வாங்கியே தீரவேண்டும் என்றும் முடிவாயிற்று. உரித்த கலவையை மண்ணிலோ குளத்திலோ எறியாமல் டப்பியில் அடைத்து வைத்தோம். தேக்சா நான்கையும் அவரே பூசினார். வாங்கிய குச்சிகள் ஒவ்வொன்றையும் நிறுத்த பின்னரே அடுப்புக்கு அனுப்பினோம்.

பேரனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்குச்சியைக் கையில் பிடித்து, துடைத்த பஞ்சை எடுத்து, அதே கையால் உண்டு வளர்ந்தவன் அவன். நகரத்துக்கு அனுப்பி இரத்தத்தைச் சோதித்தபோது, ஒரு டெசிலிட்டருக்கு 9 மைக்ரோகிராம் காரீயம் இருந்தது. 5 ஐ எட்டினாலே மூலத்தைத் தேடி நீக்க வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனம் 2021 இல் வகுத்த நெறி. மருத்துவர் சொன்ன முதல் மருந்து, அவனை அந்த அடுப்பிலிருந்து விலக்குவது. இப்போது அவன் பள்ளிக்குச் செல்கிறான். துருத்திக்குப் பதிலாக மின்விசிறி ஒன்று ஊதுகிறது. ஓராண்டு கழித்துச் சோதித்தபோது எண் 5 க்குக் கீழ் இறங்கியிருந்தது. எலும்பில் தங்கியது எவ்வளவோ, அதனை அல்லாஹ்வே அறிவான்.

வாசகக் குடும்பங்களுக்கு நாம் வேண்டுவது சில எளிய செயல்கள். புளிப்புச் சேர்ந்த உணவைச் செம்பிலும் பித்தளையிலும் தங்கவிடாதீர்கள். உட்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தால் கலாய் பூசும் வரை அப்பாத்திரத்தை ஒதுக்கி வையுங்கள். ரசச் சொம்பு வாங்கும்போது கடைக்காரரின் சொல்லோடு நில்லாமல், நீரும் தராசும் கொண்டு அளந்து பாருங்கள், 7.3 ஐ விட எண் நன்கு மிகுந்தால் அதனை அடுப்பில் ஏற்றாதீர்கள். கலாய்க்காரர் வந்தால் குச்சியைக் கேட்டு வாங்கி நிறுத்துப் பாருங்கள். அவர் மனம் நோகாதபடி, அவரையும் அருகில் அமர்த்திக்கொண்டு நிறுங்கள். நூலைப் பிடிக்கும் வேலையை மட்டும் வீட்டில் படிக்கும் பிள்ளைகளிடம் கொடுங்கள்.